எட்டரை நாடகம்

நேற்று எட்டு முப்பத்தொன்பதுக்குக் கரண்ட் போனது.
மிருதுளா கையில் பால் கிளாஸ்,
மாமியார் கதவுக்குப் பின்னால்.
அதற்குமேல் எங்கள் லயத்தில் எவருக்கும் தெரியாது.

காலையில் ஏழாம் நம்பர் மலையில்
நிரை பிடிக்கும்போதே தொடங்கிவிட்டாள் யோகமலர்:
"குடிச்சிருக்க மாட்டா. குடிச்சா நாடகம் முடிஞ்சிருமே."
"குடிச்சாலும் சாக மாட்டா" என்றாள் ஜெசிந்தா.
"ஆஸ்பத்திரியில வச்சே ஒரு மாசம் ஓட்டுவானுங்க.
நமக்குத்தான் எதுன்னாலும் ரெண்டு பனடோல்."

மேல் நிரையிலிருந்து ஒரு பேச்சு,
கீழ் நிரையிலிருந்து அதற்கு வெட்டு.
பனியில் ஆள் தெரியாது;
குரலை வைத்துத்தான்
மாமியார் கட்சி யார் என்று பிடிக்க வேண்டும்.
கமலவேணி மாமியார் கட்சி. மூன்று மருமகள் எடுத்தவள்.
"அந்த மனுசி என்ன கேட்டுட்டா? வீட்டுச் சாவிதானே?"
கமலவேணி வீட்டுச் சாவி
கூரைத் தகரத்து இடுக்கில் இருப்பது
லயத்து நாய்க்கும் தெரியும்.

நான் வாய் திறக்கவில்லை.
டிவி இருக்கிறது, டிஷ் இருக்கிறது,
ரீலோட் முடிந்து இருபத்திரண்டு நாள்.
பால் கிளாஸ் பற்றி மேலே சொன்னேனே,
அதுவும் பீலிக்கரையில் காதில் விழுந்ததுதான்.

இவர்கள் பேச்சைப் பொறுக்கிவந்து
இரவில் கறுத்துக் கிடக்கும் டிவிக்கு முன்னால்
நானே ஓட்டிக்கொள்கிறேன் நாடகத்தை.
அந்த வீட்டு மாடிப்படி அதில் நூற்றுப்பத்து,
"ஏறவே ஒரு கிழமை எடுத்தா" என்று ஜெசிந்தா சொன்னதால்.
மாமியாருக்குக் கமலவேணியின் மூக்குத்தி.
புருசனுக்கு முகமே இல்லை;
அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பின்னேரம் நிறுவை.
கணக்கப்பிள்ளை தேவசகாயம் தராசைப் பார்த்தபடி
"தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிவு" என்றவன்
அதே மூச்சில்
"அது நஞ்சில்ல, தூக்க மாத்திரை" என்றான்.
ஒரு நிமிடம் மலையே அடங்கியது.
பிறகு எத்தனை மாத்திரை, யார் வாங்கிக் கொடுத்தது,
உங்க வீட்டுல மட்டும் கரண்ட் போகலியா?
அந்த ரெண்டு கிலோவை
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றேன்.

சம்பளத்தன்று
மஸ்கெலியா டவுனுக்கு ரீலோட் போடப் போனேன்.
கடைக்காரி சிரியானி அதே நாடகத்தைச்
சிங்களத்தில் பார்க்கிறாள், எங்களுக்கு எழுபது நாள் பின்னால்.
அவளுக்கு இன்னும் கல்யாணமே முடியவில்லை;
மருதாணிக் கையோடு மிருதுளா சிரித்துக்கொண்டிருக்கிறாள்.
"மாமியார் நல்ல ஆள்தானே?"
அரைத் தமிழில் கேட்டாள்.
மிச்சக் காசை எண்ணியபடி
"தங்கம்" என்றேன்.
எழுபது நாள் இருக்கிறது, இருக்கட்டும்.

அன்றிரவு எட்டரை.
மாடிப்படி பதினாலு.
புருசனுக்கு முகம் இருந்தது, அப்படியொன்றும் இல்லை.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிருதுளா கண் விழித்தாள்,
வேறு ஒருத்தியாக.
கீழே சின்ன எழுத்தில்: இவருக்குப் பதில் இவர்.

ரூபவதி குவைத்துக்குப் போன மாதம்
அவள் தங்கச்சி வந்து அந்த அடுப்பைப் பற்றவைத்தாள்,
பிள்ளைகளுக்குத் தலை சீவினாள்.
எழுத்து ஒன்றும் போடவில்லை.
சின்னவன் இரண்டு நாள் அழுதான்,
மூன்றாம் நாள் சோறு கேட்டான்.

மறுநாள் நல்ல வெயில்.
யோகமலர் இந்தத் தரம் என்னைக் கேட்டாள்,
"புதுசு எப்படி?"
"மாமியாருக்கு மூக்குத்தி இல்ல" என்றேன்.
ஒருத்திக்கும் விளங்கவில்லை.
கமலவேணி மட்டும் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

பின்னேரம், தேவசகாயம்
கழிவு என்று வாயெடுக்கும் முன்னமே
"இன்னைக்கு ஏது தண்ணி?" என்றேன்.
அவன் பேனா நின்றது.
எனக்குப் பின்னாலிருந்து யோகமலர்
"அதானே" என்றாள்,
மாமியாரைப் பற்றிச் சொல்லும் அதே குரலில்.